இருநூற்றுக்கு இருநூறு

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரம்பலூர் மாவட்டத்தில் 'நன்றாக இருக்கிறேன்' என்று பதில் சொல்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 'ஏதோ இருக்கேன்' என்பார்கள். வெங்காயம் நல்ல விலைக்குப் போயிருக்கும், மாடி கட்டியாகியிருக்கும், புது டிராக்டர் வாசலில் நிற்கும். அந்த ஆளும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு 'ஏதோ ஓடுதுங்க' என்றுதான் சொல்வான். நேற்று ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும், இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஏட்டு கேட்டார், "எப்படி சார் இருக்கீங்க?" நான் "மிக நன்றாக இருக்கிறேன்" என்றேன். மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு நேரான பதில் வந்தால் இவர்களுக்கெல்லாம் தாங்காது.

என் பெயர் வேணுகோபால், வயது நாற்பத்தைந்து. ஒரு கல்வியியல் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகளாக உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குடியிருப்பது துறையூர் ரோட்டில். வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு நீங்கள் சம்மதித்தீர்கள். நன்றி. உங்கள் ரைட்டர் எழுதியிருந்தால் 'மன உளைச்சல்' என்ற ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடியிருப்பார். கெட்டுப்போன குழம்புக்குத் தட்டு மூடுவது மாதிரி அந்தச் சொல்லை இப்போது எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இறந்துபோன ஹேமலதா என் மனைவி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடும் அங்கமுத்துவின் மூத்த மகள். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். அவள் சந்தோஷமான பெண் என்று அவள் தம்பி செல்லதுரை புகார் மனுவில் எழுதியிருக்கிறான். எழுத்துப் பிழைகள் நிறைய, ஆனால் விஷயம் சரி. பாத்திரம் விளக்கும்போது பாடுவாள். எந்தப் பாட்டிலும் முதல் இரண்டு வரிக்கு மேல் தெரியாது, அதனால் அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் பாடுவாள். கீரைக்காரம்மா, கேபிள்காரர், எதிர்வீட்டு நாய் என்று ஒருவர் விடாமல் பேசுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக ஊரே துக்கப்பட்டது, அவள் படவில்லை. "இருந்தா கொஞ்சிக்கிட்டு இருப்போம், இல்லாட்டி நல்லாத் தூங்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

இதில் எனக்குப் பொறாமை இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. எனக்கு மூன்று பட்டங்கள் இருக்கின்றன. மனநலம் என்றால் என்ன, அதன் கூறுகள் என்னென்ன, எந்த ஆளுமைப் பண்பு எதைக் கூட்டும் எதைக் குறைக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக உழைத்திருக்கிறேன். ஒன்றுமே தெரியாத ஒருத்தி வெங்காயம் உரித்தபடியே அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்பதில் ஒரு முறைகேடு இருக்கிறதா இல்லையா? ஒரு ஆசிரியனாகத்தான் இதைக் கேட்கிறேன். பரீட்சை எழுதாமல் பாஸ் போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

மூன்று வருடத்துக்கு முன் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். பெண்களின் ஆளுமைப் பண்பும், தங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் மதிப்பும், மனநலமும் என்பது தலைப்பு. அதற்காக நாற்பது கூற்றுகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். ஒவ்வொரு கூற்றுக்கும் 'முழுவதும் உண்மை' என்பதிலிருந்து 'சிறிதும் உண்மையில்லை' வரை ஐந்து கட்டம். நல்ல மனநிலையைக் காட்டும் பதிலுக்கு ஐந்து மதிப்பெண், மோசமானதுக்கு ஒன்று. மொத்தம் இருநூறு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நானூறு பெண்களிடம் நிரப்பி வாங்கினேன். வந்த எண்களைப் பார்த்தால் இரண்டு மாவட்டத்துப் பெண்களும் மொத்தமாகப் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும்.

என் வழிகாட்டி திருச்சியில் இருக்கிறார், வயதான அம்மா. எண்களைப் பார்த்ததும் சிரித்தார். "இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எவளாச்சும் நல்லா இருக்கேன்னு வாயால சொல்லுவாளா வேணு? கண்ணு பட்டுடும்னு பயம். பெருமையா ஏதாச்சும் சொன்னா ஊரு என்ன நினைக்கும்னு அது வேற. இந்த எண்ணை வெச்சு யாருக்கும் நோய்னு எழுதிடாதீங்க" என்றார். அதை அப்படியே என் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். கடைசி வரியை அடிக்கோடும் இட்டேன். செல்லதுரை என் அலமாரியிலிருந்து எடுத்து வந்து உங்கள் மேஜையில் போட்ட பச்சை அட்டை நோட்டு அதுதான். பக்கம் முப்பத்தொன்று.

அடுத்த வருடம் பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் போனோம். மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த பிறகு, மாமனார் வீட்டுப் பின்பக்கம், வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். பெண்களிடம் படிவத்தைக் கொடுத்தேன். எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காக என்னுடைய படிவத்தை மாதிரிக்கு வைத்தேன்.

ஹேமலதா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். 'நான் மகிழ்ச்சியாக வாழ்கிறேன்' என்ற கூற்றை எல்லோருக்கும் கேட்கப் படித்துவிட்டு, 'பெரும்பாலும் உண்மையில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"ஏன் அப்படிப் போடுற?" என்று கேட்டேன்.

"முழுசாப் போட்டாக் கண்ணு பட்டுடுங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

'பெருமைப்பட என்னிடம் எதுவுமில்லை' என்ற கூற்றுக்கு 'முழுவதும் உண்மை' போட்டாள். "இருக்குன்னு போட்டாப் பெரிய இவளாட்டம் இருக்கும்" என்றாள். இப்படியே நாற்பதும். பிறகு மாதிரிக்கு வைத்திருந்த என் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் எல்லாக் கூற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

"ஏங்க, எல்லாத்துக்கும் முழுசாப் போட்டிருக்கீங்களே. உங்களுக்குப் பயமா இல்ல?"

"எனக்கு என்ன பயம்?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அதுவுஞ் சரிதான். உங்க மேல எவ கண்ணு வைக்கப் போறா" என்றாள்.

பட்டறையே சிரித்தது. செல்லதுரை கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சும்மா இருடி, மாப்ள தங்கமானவரு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது காலை பதினொன்று இருபது. அங்கே என்னைத் தவிரப் பதினொரு பேர் இருந்தார்கள். பிறகு நடந்ததற்கும் இந்தப் பேச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஹேமலதாவின் மதிப்பெண் எண்பத்திரண்டு.

பெரம்பலூர் வந்த மறுநாள் மாலை, காப்பி குடிக்கும்போது அவளிடம் சொன்னேன். எண்பத்திரண்டு என்றால் கடுமையான மனச்சோர்வு என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அதை மறைக்கிறது என்றேன். உள்ளே காலியாக இருப்பவர்கள்தான் இப்படி ஓயாமல் சிரிப்பார்கள், பேசுவார்கள், பாடுவார்கள் என்று விளக்கினேன். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். ஆங்கிலப் புத்தகம். அவள் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவாங்க?" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அவ்வளவு சீக்கிரம் கேட்பாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இவர்கள் இப்படித்தான். பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டால் வீடு நிற்கும் என்று நம்புகிறவர்கள் எண்ணைக் காட்டினால் நம்பாமல் என்ன செய்வார்கள்? போனில் விஷயத்தைச் சொன்னதும் மாமனார் அடுத்த பஸ்ஸில் வந்தார். அவருக்கு ஒரு வரைபடம் வரைந்து காட்டினேன். நானூறு பெண்கள் இங்கே, உங்கள் மகள் இங்கே என்று விரலை வைத்தேன். அவருக்கு அது தலைகீழாக இருந்தாலும் தெரிந்திருக்காது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "படிச்சவங்க, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மாப்ள" என்றார்.

திருச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் குறிப்பை இரண்டு பக்கம் டைப் செய்து கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டார், "எப்படிம்மா இருக்கே?"

"ஏதோ இருக்கேன் சார்" என்றாள் ஹேமலதா.

நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வடக்கே இருந்து வந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பேசத் தெரிந்தால் போதுமா? போகும்போது என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். சோர்ந்தே இருப்பவர் திடீரென்று ஒருநாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னாலோ, தன் பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தாலோ, தனியாக விடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்றார். எனக்கே பாடம் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது என் வகுப்புக் குறிப்பிலேயே இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். ஹேமலதா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் சொன்னார், "அவங்களுக்குப் பெருசா ஒண்ணும் இல்லைன்னு தோணுது. மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம்." சரி என்றேன். வெளியே வந்து, இரண்டு வருடமாவது சாப்பிட வேண்டும் என்கிறார் என்று அவளிடம் சொன்னேன். பழைய சீட்டை வைத்துக்கொண்டு பாடாலூரில் ஒரு கடையிலும் அரியலூரில் ஒரு கடையிலுமாக மாற்றி மாற்றி வாங்கினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டை இஸ்திரி போட்டிருந்தால் நம் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மாத்திரை அவளைத் தூங்க வைத்தது, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நான்தான் செய்தேன். பாடினால், "பார், வருகிறது" என்பேன். நிறுத்திவிடுவாள். தம்பியிடம் போனில் சிரித்துப் பேசினால், வைத்த பிறகு, "இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்தான்" என்பேன். அடுத்த வாரம் போன் வந்தால் எடுக்க யோசிப்பாள். சமையலறையில் தொங்கிய நாள்காட்டியில் அன்றன்றைக்கு அவள் மனநிலைக்கு ஓர் எண் எழுதி வைத்தேன். முதலில் அவள் அதைப் பார்க்காமல்தான் இருந்தாள். ஆறேழு மாதத்தில், காலையில் எனக்குக் காப்பியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கேட்பாள், "இன்னிக்கு நான் எப்படிங்க இருக்கேன்?"

நான் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொல்வேன். எழுபத்தைந்து. எழுபது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் மரியாதையானது.

செல்லதுரை ஒரு தடவை வெங்காய மூட்டையோடு வந்தான். அவள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் என்னிடம் சொன்னான், "அக்கா முன்ன மாதிரி இல்லியே மாமா."

"முன்னாடி இருந்ததுதான் நோய், செல்லதுரை" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு ஆலத்தூர் கேட் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். இன்றைக்கு அவன் வீரன். அன்றைக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், நான் தடுத்திருக்க மாட்டேன். இதையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு இரண்டாம் முறை அளக்க வேண்டியிருந்தது. போன மாதம் பன்னிரண்டாம் தேதி, அதே படிவத்தை மறுபடி ஹேமலதாவிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒரு கூற்றையும் உரக்கப் படிக்கவில்லை. கூட்டிப் பார்த்தேன். நான் மகிழ்ச்சியாக வாழ்கிறேன், முழுவதும் உண்மை. என் எதிர்காலம் நன்றாக இருக்கும், முழுவதும் உண்மை. பெருமைப்பட என்னிடம் எதுவுமில்லை, சிறிதும் உண்மையில்லை. நாற்பதுக்கும் முழு மதிப்பெண்.

"எல்லாத்துக்கும் முழுசாப் போட்டிருக்கியே, கண்ணு படாதா?" என்று கேட்டேன்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணு பட இங்க என்னங்க இருக்கு" என்றாள்.

அதை எழுதிக்கொண்டேன். எண்பத்திரண்டிலிருந்து இருநூறு. நானூறு பேரில் இப்படி ஒரு முன்னேற்றம் யாருக்கும் இல்லை.

மறுநாள் காலை கொலுசைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் வேண்டாம் என்றதும், "எனக்குக் கால் வீங்குது, நீ போட்டுக்க" என்றாள். என் சட்டைகள் எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைத்திருந்தாள். பத்து நாளைக்கு வரும். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, அன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்கவில்லை. நாள்காட்டியில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதை நீங்கள் கவனித்தீர்கள். கெட்டிக்காரர்தான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு எட்டுப் பத்து பஸ்ஸைப் பிடித்தேன்.

அரியலூரில் ஒரு கல்லூரியில் சிறப்புரை. 'தன்னைப் பற்றிய மதிப்பும் மனச்சோர்வும்'. நூற்றிருபது மாணவிகள். சிமெண்ட் லாரிகள் போகிற சத்தத்துக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பெயர் சொல்லாமல் ஹேமலதாவின் இரண்டு எண்களையும் திரையில் காட்டினேன். கை தட்டினார்கள். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஏலாக்குறிச்சிப் பக்கம், அனிதா மேரி என்று பெயர் சொன்னாள்.

"சார், எண்பத்திரண்டுன்னு போட்டப்பதான் சார் அவங்க நல்லா இருந்திருக்காங்க. எங்கம்மாவும் அப்படித்தான் போடும்" என்றாள். நிறையப் பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இப்ப முழுசாப் போட்டிருக்காங்கன்னா அவங்களைத் தனியா வுடக் கூடாதுல்ல சார்? இப்ப அவங்க கூட யாரு சார் இருக்கா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. எதிர்வீட்டு எண்ணும் அதில் இருந்தது. நல்ல கேள்வி என்று அந்தப் பெண்ணைப் பாராட்டினேன். அடுத்த கேள்விக்குப் போனேன். மதியம் அங்கேயே சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து போன் வந்தது. அப்போது மணி மூன்று. வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது உங்கள் அறிக்கையில் இருக்கிறது, அதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஆகவே நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமான பதில் இது. அவளுக்கு நோய் இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். இல்லாத நோயைச் சொல்லிச் சொல்லி அவளுக்குள் வளர்த்தவன் நான். அது முற்றிவிட்டது என்று தெரிந்த காலையில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனவனும் நான். தெரியாமல் செய்ததாக என் வக்கீல் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தெரியாது என்று சொல்வது என் படிப்புக்கே அவமானம்.

ஒரே ஒரு திருத்தம். உங்கள் ஏட்டும் செல்லதுரையும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பட்டறையில் பொண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தைக்காகவா இத்தனையும் என்று கேட்டார் ஏட்டு. அந்த வார்த்தையை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். உள்ளே காலியாக இருப்பவர்கள்தான் அப்படியெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு திரிவார்கள். என் மனநிலையில் உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, இன்று காலை உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதே படிவத்தை நானும் நிரப்பி இதோடு இணைத்திருக்கிறேன். நாற்பது கூற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருநூற்றுக்கு இருநூறு. படிவம் தயாரித்த நாளிலிருந்து இதே எண்தான் போடுகிறேன், இன்றுவரை என் மேல் யார் கண்ணும் பட்டதில்லை.